இடப்பக்க நீல போர்ட்

எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு விதி இருந்தது. சுவரோரப் பிளக் பாயிண்டுகளில் லேப்டாப் மட்டும்தான் போடலாம். செல்போன் சார்ஜர் சொருகியிருந்தால் நூலகர் சத்தமில்லாமல் வந்து பிடுங்கி, போனோடு சேர்த்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவார். நாலு மணிக்கு முன்னால் போய்க் கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். ஆனால் லேப்டாப்பிலிருந்து ஒரு ஒயர் போனுக்குப் போனால் அவர் ஒன்றும் சொல்வதில்லை. விதியில் அது இல்லை. அதனால் மதிய இடைவேளையில் லேப்டாப் வைத்திருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு குட்டி கரண்ட் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தோம். யாருக்கு லைன் கொடுப்பது, யாருக்கு இல்லை என்பது எங்கள் கையில்.

என் லேப்டாப்பில் மூன்று யு.எஸ்.பி. போர்ட். வலப்பக்கம் இரண்டு கறுப்பு, இடப்பக்கம் ஒரு நீலம். கறுப்பில் அரை ஆம்பியர் வரும். நீலத்தில் கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு. நான் மின்னியல் மாணவி. இந்த வித்தியாசம் தெரிந்தவள். வகுப்புப் பெண்கள் கேட்டால் கறுப்பைக் கொடுப்பேன். நீலம் ஒருத்திக்கு மட்டும்.

அவள் கடலோரக் கிளிஞ்சல்மேட்டுப் பெண். சிவில் படித்தாள். முதல் வருடம் எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து நடந்த வரைபட வகுப்பில் என் பக்கத்து மேசைக்காரி. நான் நெரவியிலிருந்து பஸ்ஸில் வருவேன், அவள் அண்ணன் வண்டியில் வந்து இறங்குவாள். அவள் போன் அவள் அப்பா வைத்திருந்து கொடுத்தது. காலையில் நூறு காட்டும், பதினொரு மணிக்கு இருபது. பேட்டரி அவ்வளவு தேய்ந்திருந்தது. அவளுக்கோ பேசாமல் இருக்க முடியாது. பேச ஆள் இல்லாவிட்டால் வாய்ஸ் மெசேஜ் போடுவாள்.

மூன்று வருடம் அவள் என்னிடம் "சார்ஜ் போட்டுக்கட்டுமா" என்று கேட்டதே இல்லை. இடப்பக்கம் வந்து உட்காருவாள், என் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறப்பாள், அவள் ஒயரை எடுப்பாள், சொருகுவாள். அந்த ஒயர் என் பையில்தான் குடியிருந்தது. அதன் நீளம் ஒரு மீட்டர். கூட்டத்தைக் கண்டால் பேச எழுந்து ஓடுகிறவள், தினமும் ஒரு மணி நேரம் அந்த ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்திருப்பாள். எனக்கு வேறு நெருங்கிய தோழி கிடையாது. தேவையும் படவில்லை. இதை அப்போது நான் யோசித்ததில்லை. அந்த இடம் காலியான பிறகுதான் அளவெடுத்துப் பார்த்தேன்.

நாலாம் வருடம் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வார என்.எஸ்.எஸ். முகாம் வந்தது. நான் போகவில்லை. முகாம்களில் தூங்க இடம் சரியாக இருக்காது, எனக்கு ஒத்துவராது. அவள் போனாள். திரும்பி வரும்போது இன்னொருத்தியோடு வந்தாள்.

அந்தப் பெண் ஐ.டி. பிரிவு, காரைக்கால் டவுன். அவள் வாப்பா வளைகுடாவில் வேலை. அந்த வருட விடுமுறைக்கு அவர் வந்தபோது புது லேப்டாப் கொண்டுவந்திருந்தார். மெல்லிசு. ஓரத்தில் டைப்-சி போர்ட். முகாமில் ஒரே அறையில் படுத்திருந்தார்களாம். அந்த ஒரு வாரத்தில் நடந்த எதைச் சொன்னாலும் இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். சாம்பார் என்ற சொல்லுக்கே சிரித்தார்கள். ஏன் என்று கேட்டால், "அங்க இருந்திருந்தாதான் தெரியும்" என்றாள் என் தோழி.

முதல் நாள் மதியமே அது நடந்தது. என் பையின் ஜிப்பை அவள் திறந்தாள். ஒயரை எடுத்தாள். எடுத்துக்கொண்டு மேசையின் எதிர்ப்பக்கம் போய், அந்தப் பெண் கொடுத்த குட்டி அடாப்டரை மாட்டி அந்த மெல்லிசு லேப்டாப்பில் சொருகினாள். நாற்பது நிமிடத்தில் இருபதிலிருந்து எழுபது. போனைத் தூக்கி எனக்குக் காட்டினாள்.

"இதப் பாருடி. உன்னுதுல போட்டா இது ஆக சாயங்காலம் ஆவும். உன் லேப்டாப்பு ரேஷன் கடை, இது கல்யாண வீடு."

மற்றவள் சிரிக்கவில்லை. "அப்படிச் சொல்லாத" என்றாள். நான் சிரித்தேன். என் முகம் அமைதியானது என்று எல்லோரும் சொல்வார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. ஊருக்குப் போகும் முன் எடுத்துவைக்க வேண்டியவை, தேர்வுக்கு விட்டுப்போன பாடங்கள், எல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அன்று பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பெண்ணைப் பட்டியல் போட்டேன். ஒன்று, மூன்று ஆம்பியர் தரும் போர்ட். இரண்டு, எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறாள். மூன்று, அவள் உம்மா கொடுத்துவிடும் டிபன் பாக்ஸ், அதில் எப்போதும் இரண்டு பேருக்கானது இருக்கிறது. நாலு, முகாமுக்குப் போனாள். நாலாவதில் வந்து நின்றுவிட்டேன். மற்ற மூன்றுக்கும் நான் ஒன்றும் செய்ய முடியாது. நாலாவது என் கையில் இருந்தது, விட்டுவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் இப்படியே போனது. நான் தினமும் என் இடத்தில் உட்காருவேன். நீல போர்ட்டை வேறு யாருக்கும் தரவில்லை. கேட்ட ஒரு பெண்ணிடம் அது வேலை செய்யவில்லை என்றேன். எதிரே ஒயர் மேசைக்குக் குறுக்கே என் பக்கமாக இருக்கும்போது ஒரு மாதிரி இருக்கும். அவர்கள் பக்கம் சரிந்திருக்கும்போது இன்னொரு மாதிரி. போன் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று தலைகீழாகப் படிக்கப் பழகிவிட்டேன். எண்பதைத் தாண்டினால் அவள் எழுந்து என் பக்கம் வருவாள் என்று நினைப்பேன். நூறு ஆன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பெண் வரத் தாமதமானது. என் தோழி அன்று காலையிலேயே அவளிடம் சார்ஜ் போட்டிருந்தாள். போனைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"லேசா சுடுதுடி. வேகமா ஏறுதே, அதனாலயா? நீதான எலெக்ட்ரிக்கல், சொல்லு."

நான் போனை வாங்கினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், டாக்டர் மாதிரி. அந்தச் சூடு சாதாரணச் சூடு. போர்ட் எதையும் போனுக்குள் தள்ளுவதில்லை. போன் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் போகும். மூன்று ஆம்பியர் போர்ட்டில் போட்டாலும் அந்தப் பழைய போன் தனக்கு வேண்டியதற்கு மேல் வாங்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

"பழைய பேட்டரிக்கு வேகமா ஏத்துனா உப்பிடும்" என்றேன். "சில நேரம் வெடிக்கவும் செய்யும். மெதுவா ஏறுறதுதான் இதுக்குப் பத்திரம்."

நிதானமாகச் சொன்னேன். வகுப்பில் பதில் சொல்லும் குரலில்.

"நல்லவேளை கேட்டேன்" என்றாள். ஒயரை எடுத்து என் இடப்பக்கம் வந்து நீலத்தில் சொருகினாள்.

அந்தப் பெண் வந்ததும் என் தோழியே அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். அவள் என்னைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள். பிறகு தன் லேப்டாப்பைத் திறந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். மறுபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அதன் பிறகு இரண்டு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷம். போன் மெதுவாக ஏறியது. அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். அந்தப் பெண்ணும் எங்கள் மேசைக்குத்தான் வந்தாள், ஆனால் ஒயர் என்னிடம் இருந்தது. தலைகீழாகப் படிக்க வேண்டிய வேலை இல்லை.

தை மாதம். விடிந்த பிறகும் பனி விலகாத நாட்கள். ஒரு புதன்கிழமை என் தோழி கல்லூரிக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை வந்து, மதியம் உட்கார்ந்ததும், நடந்ததை எங்கள் இருவருக்கும் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அவளுக்கு எதையும் அப்படித்தான் சொல்ல வரும்.

அவள் அப்பா மீன்பிடிக்கப் போகிறவர், அவரிடம் ஒரு ஃபைபர் போட்டு, அதாவது படகு, இருந்தது. அவரும் இன்னும் இரண்டு பேரும் விடியுமுன் போய்விட்டு எட்டு மணிக்குள் திரும்புவார்கள். இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி ரிப்பேருக்குப் போயிருந்ததால் அந்த மாதம் போனில் மேப் போட்டுத்தான் வழி பார்த்தார். போனுக்கு போட்டு பேட்டரியில் ஒரு சார்ஜர். அதில் இரண்டு ஓட்டை, ஒன்று பெரிய ஆம்பியர், ஒன்று சின்னது. வழக்கமாகப் பெரியதில் போடுவார். மகள் போய்ச் சொல்லியிருக்கிறாள்: அதில் போடாதீங்க, பேட்டரி உப்பி வெடிக்கும், என் ஃப்ரெண்டு எலெக்ட்ரிக்கல், அவ சொன்னா. அப்பாவுக்கு மட்டும் சொல்லவில்லை, அண்ணனுக்கு, பக்கத்து வீட்டுக்கு, எல்லோருக்கும்.

அவர் சின்ன ஓட்டைக்கு மாறினார். அந்த மாதிரி சார்ஜரில் சின்ன ஓட்டையில் ஒரு ஆம்பியர் என்று எழுதியிருக்கும், பாதி வந்தால் அதிகம். திரையை முழு வெளிச்சத்தில் வைத்து மேப் ஓடினால் ஏறுவதைவிட இறங்குவது வேகமாக இருக்கும். புதன்கிழமை காலை கரைக்குத் திரும்பும் வழியில் போன் செத்துவிட்டது. சுற்றிலும் பனி. மற்ற இருவர் போனிலும் மேப் இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு, வேறு போட்டுச் சத்தமோ அலைச் சத்தமோ கேட்கிறதா என்று காத்திருந்திருக்கிறார்கள். பனி விலகியபோது கலங்கரை விளக்கம் அவர்கள் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் நின்றது. கரையேறும்போது மணி பதினொன்று.

"எங்கம்மா கரைய விட்டு நவுரல" என்றாள். "காப்பித்தண்ணி குடுத்தா வாங்கல. அப்பா எறங்கி வந்ததும் அடிக்கப் போயிட்டாங்க. அவரு சொல்றாரு, உன் மவ ஃப்ரெண்டு சொன்னபடிதான் செஞ்சேன், பேட்டரி வெடிக்கலல்ல, சந்தோஷப்படுங்கிறாரு."

அவள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட ஒரு சின்னக் குழந்தையின் படம் உண்டு. அவள் பிறப்பதற்கு முன்பு எடுத்தது. அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. அந்த அம்மா மூன்று மணி நேரம் கரையில் நின்றார் என்பது எனக்கு அந்தப் படத்தோடு சேர்ந்துதான் நினைவுக்கு வந்தது.

என் கை விசைப்பலகை மேல் இருந்தது. எடுக்கவில்லை. அந்தப் பெண் தன் திரைக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்த பிறகு குடிதண்ணீர்க் குழாயருகே என்னிடம் வந்தாள். பாட்டிலை நிரப்பிக்கொண்டே பேசினாள்.

"நான் அன்னிக்கே தேடிப் பாத்தேன். போன் கேக்குறதுதான் போவும், போர்ட் தள்ளாதுன்னு போட்டிருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"உனக்கு அவ வேணும்னு தெரிஞ்சுச்சு. ஒரு ஒயர்தான, போவட்டும்னு விட்டுட்டேன்." மூடியைத் திருகினாள். "அது கடலுக்குப் போவும்னு நான் நினைக்கல. இப்ப நீ சொல்லிடு. நான் சொன்னா நல்லாருக்காது."

அந்த நேரத்தில் எனக்குள் முதலில் எழுந்தது குற்ற உணர்வு என்று எழுதினால் பொய்யாகிவிடும். இவள் என்னைவிட நல்லவளாகவும் இருக்கிறாளே என்பதுதான் முதலில் எழுந்தது. என் பொய்யைக் கண்டுபிடித்து, எனக்காக விட்டுக்கொடுத்து, என் தோழியை எனக்கு இரண்டு வாரம் கடன் கொடுத்திருக்கிறாள். நான் ஜெயித்ததாக நினைத்த அந்த இரண்டு வாரமும் அவள் போட்ட பிச்சை. பட்டியலில் ஐந்தாவது.

ஞாயிற்றுக்கிழமை கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். வருவதாகத் தோழியிடம் சொல்லியிருந்தேன், எதற்கு என்று சொல்லவில்லை. அவள் அப்பா குளித்துவிட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து இன்னொரு நாற்காலி போட்டார். என் வயதுப் பெண்ணை "நீங்க" என்று பேசுகிறவர். போனையும் அந்த சார்ஜரையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"வாங்க பாப்பா, உங்களத்தான் கேக்கணும்னு இருந்தேன். நீங்க சொன்னபடி சின்னதுலதான் போடுறேன். சார்ஜ் நிக்க மாட்டேங்குது. பேட்டரி மாத்தணுமா?"

"வேணாங்க அப்பா. பெரிய ஓட்டையிலயே போடுங்க. ஒண்ணும் ஆகாது. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"தப்புதான சொன்னீங்க. யாருக்கும் வர்றதுதான்" என்றார். அதோடு விட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அவர் மனைவி மீன் குழம்போடு சோறு போட்டார். எனக்குப் பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன். சொல்லியாகிவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பெண் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன், யாரும் கோபப்படவில்லை, தோழி இன்னும் என் தோழி.

பஸ் நிறுத்தம்வரை அவள் கூட வந்தாள். பேசாமல் வந்தாள். அவள் பேசாமல் வருவதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"ஒண்ணு கேக்குறேன்" என்றாள். "தப்பா சொன்னியா, தெரிஞ்சே சொன்னியா?"

நான் சாலையைப் பார்த்தேன்.

"நீ பாடத்துல தப்பு விட்டு நான் பாத்ததே இல்ல. சொல்லுடி."

"தெரிஞ்சேதான்."

"எதுக்கு?"

"நீ அவகிட்ட போயிட்ட."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க ஊர்ல மீன் எங்க கெடைச்சுதுன்னு கேட்டா ஒருத்தரும் உண்மை சொல்ல மாட்டாங்க. வடக்கன்னா தெக்கம்பாங்க. அண்ணன் தம்பிகிட்டயே சொல்ல மாட்டாங்க. அதுக்கு யாரும் கோச்சுக்கறதும் இல்ல. ஆனா கடல்ல வச்சு கரை எந்தப் பக்கம்னு ஒருத்தன் கேட்டா மாத்திச் சொல்ல மாட்டாங்க. வெட்டுப்பழி இருந்தாலும் மாத்த மாட்டாங்க."

பஸ் வந்தது. நான் ஏறப் போனேன். அவள் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, கண்டக்டரிடம் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"வா. அப்பாகிட்ட வந்து சொல்லு."

"உன்கிட்ட சொல்லிட்டேன்ல. அவருக்கு இது என்னத்துக்குடி?"

"அவருதான போட்டுல இருந்தாரு."

திரும்பி நடந்தோம். அவர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருந்தார். எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன் என்று நினைத்து, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் தேடினார். நான் நின்றபடியே சொன்னேன். அது தப்பு இல்லை, பொய். உங்கள் மகள் வேறொரு பெண்ணின் லேப்டாப்பில் சார்ஜ் போட்டாள், அது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் சொன்னேன். பொறாமை என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல்முறை. எழுதும்போது இருப்பதைவிடச் சொல்லும்போது அது அற்பமாக இருந்தது.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னை. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"சரி" என்றார். "அடுத்த பஸ்ஸுக்குப் போங்க."

நாற்காலி மேல் இருந்த போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவள் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. நான் பயந்தது அதற்குத்தான், அது நடக்கவில்லை. அடுத்த வாரமும் அதே மேசைக்கு வந்தாள். தேர்வுத் தேதி, விடுப்பு, யாருக்கு எந்த கம்பெனி, எல்லாம் பேசினாள். சில நாள் என் நீலத்தில்கூடச் சொருகினாள், எது பக்கத்தில் இருக்கிறதோ அதில். நடந்ததை நானே மறந்துவிடலாம் போல இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு மதியம். அவள் அப்பாவின் ஜி.பி.எஸ். கருவி ரிப்பேராகி வந்துவிட்டது. புது பேட்டரி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைக் கரையில் இருக்கும்போதும் போட்டு பேட்டரியிலேயே விட்டுவைக்கலாமா, நிரம்பிய பிறகும் ஒயர் இருந்தால் கெடுமா என்று அவர் கேட்டனுப்பியிருந்தார். அவள் அதை அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

ஐ.டி. படிக்கும் பெண்ணுக்கு அது தெரியவில்லை. அது என் பாடம். அந்தக் கருவியின் மாடலைச் சொன்னபோதே எனக்கு விடை தெரிந்துவிட்டது, ஒரே வரி. அந்தப் பெண் என் பக்கம் பார்த்தாள். "இவகிட்ட கேளேன்" என்றாள்.

"நீயே தேடிப் பாரேன்" என்றாள் என் தோழி. கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல அந்தப் பெண்ணின் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

இருவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு எட்டு நிமிடம் தேடினார்கள். நான் என் லேப்டாப்பில் எதையோ தட்டிக்கொண்டு அந்த எட்டு நிமிடத்தையும் எண்ணினேன். கடைசியில் ஏதோ ஒரு பக்கத்தில் விடை கிடைத்தது; சரியான விடைதான். அன்று எனக்குப் பொறாமை அந்தப் பெண்ணின் மேல் இல்லை. யார் எழுதியது என்றே தெரியாத அந்தப் பக்கத்தின் மேல். என் தோழி அதை ஒரு வரி விடாமல் படித்து, சரி என்று தலையாட்டி, அப்படியே தன் அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள்.